சொல்தா தாத்தாவுக்கு தேவனாம்பட்டினத்தில் எள்ளும் தண்ணீரும்

தை அமாவாசைக்கு ராமேஸ்வரம் போகலாம் என்றுதான் என் வீட்டுக்காரர் முதலில் சொன்னார். கடலூர் போதும் என்றவர் என் மாமியார். தன் அப்பாவுக்கு ஒரு முறையாவது பேரன் கையால் தர்ப்பணம் செய்துவிட வேண்டும் என்று பிறகு என்னிடம் மட்டும் சொன்னார். செய்யப் பயமாகவும் இருக்கிறது என்று அதே மூச்சில் சொன்னார். அதனால் இந்த வருடம் நாங்கள் மூன்று பேரும் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் போய்வந்தோம். இதே மாதிரி போக நினைப்பவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

அத்தையின் அப்பா தங்கவேலு கடலூர் மாவட்டத்துக் காடாம்புலியூர்க்காரர். முந்திரித் தோப்பைப் பாகம் பிரித்ததில் அண்ணன்மாரோடு கோபித்துக்கொண்டு பாண்டிச்சேரிக்குப் போய்விட்டார். அப்போது அது பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்தது, நமக்கு வேறு நாடு. அங்கே சோடாக் கடையில் வேலை பார்த்தவர், பிறகு பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து 'சொல்தா' ஆனார். சிப்பாயை அந்தப் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். லாரி ஓட்டக் கற்றுக்கொடுத்து, சைகோனுக்குக் கப்பலேற்றி அனுப்பினார்கள். அத்தை அப்போது கைக்குழந்தை.

அங்கே நடந்த சண்டையில் அவருடைய லாரி கண்ணிவெடியில் சிக்கியது. கூட இருந்த சொல்தா ஒருவர் ஊர் திரும்பியதும் வீட்டுக்கு வந்து சேதி சொல்லியிருக்கிறார். "நீ கண்ணால பாத்தியா?" என்று அத்தையின் அம்மா தனபாக்கியம் கேட்டாராம். பின்னால் வந்த லாரியில் இருந்தவர், புகையைத்தான் பார்த்ததாகச் சொன்னார். உடல் கிடைக்கவில்லை. தனபாக்கியம் அம்மாள் பொட்டை அழிக்க மறுத்துவிட்டார். விதவை என்று கையெழுத்துப் போட்டால் பென்ஷன் வரும் என்றார்கள், போடவில்லை. வருடா வருடம் தை மாதம் சிதம்பரம் போய், உயிரோடு இருப்பவருக்குச் செய்வதுபோல் கணவர் பெயரும் கார்த்திகை நட்சத்திரமும் சொல்லி அர்ச்சனை செய்வார். பூவும் பொட்டுமாகவே போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகு அந்த அர்ச்சனையை அத்தை விடாமல் செய்து வருகிறார்.

"இப்ப அப்பாவுக்கு எள்ளும் தண்ணியும் விட்டா, அம்மா வச்சிருந்த பொட்டு பொய்யின்னு நானே சொன்ன மாதிரி ஆயிடாதா, செல்வி? விடாம இருந்தா அவரு அங்க தாகத்தோட நிப்பாரே" என்று பஸ்ஸில் என்னிடம் கேட்டார். கந்தர் சஷ்டிக் கவசத்தை மனசுக்குள் சொல்லிக்கொண்டு வந்தேன்.

பெருங்களத்தூரிலிருந்து கடலூர் சுமார் 165 கிலோமீட்டர். முதல் நாள் மதியமே புறப்பட்டு நான்கரை மணி நேரத்தில் சேர்ந்தோம். பஸ் டிக்கெட் தலைக்கு 190. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் லாட்ஜ் அறை 900 ரூபாய். வெந்நீர் உண்டு, வாளிதான் ஒன்றே ஒன்று.

காலை ஐந்தே முக்காலுக்கு ஆட்டோ. தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு 150 கேட்டார்.

"நாலு கிலோமீட்டர்கூட இல்லியே தம்பி" என்றேன்.

"அமாவாசையாச்சேக்கா, இன்னிக்கு ஜாஸ்திதான். அந்தாண்ட பாருங்க, போலீஸ்காரரு வண்டிய திருப்பிவுடுறாரு. நான் சுத்திக்கினு போவணும்." 130க்கு ஒத்துக்கொண்டார்.

மணலில் வரிசையாகப் புரோகிதர்கள் உட்கார்ந்திருந்தார்கள். தட்சணை 200, எள், தர்ப்பை எல்லாம் அவர்களே தருகிறார்கள். இவர் சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார, அத்தை இரண்டடி தள்ளி முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அதுவரை அவர் தர்ப்பணத்தைப் பக்கத்திலிருந்து பார்த்ததே இல்லை. எங்கள் வீட்டில் ஆண்கள் கோயில் குளத்துக்குப் போவார்கள், நாங்கள் அடுப்படியில் வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருப்போம்.

புரோகிதர் அப்பா வழிப் பெயர்களைக் கேட்டார். இவர் சொன்னார். "அம்மாவைப் பெத்தவங்க?" என்று கேட்டதும், இவர் யோசிக்காமல், "தங்கவேலு, தனபாக்கியம்" என்றார்.

அத்தை நிமிர்ந்தார். "என்னாடா, மனப்பாடமா சொல்ற?"

"ஒவ்வொரு அமாவாசையும் சொல்றதுதானம்மா. கேட்டா சொல்லணும்ல?"

"ஒவ்வொரு அமாவாசையுமா? எப்பலேர்ந்து?"

"அப்பா போனதுலேர்ந்து. ஒம்பது வருசமா."

"ரெண்டு பேரையுமா?"

"புருசன் பொண்டாட்டியா சேத்துதாம்மா கேப்பாங்க. தனியா கேக்க மாட்டாங்க."

"அடப்பாவி, வீட்டுல ஒரு வார்த்த சொல்லக் கூடாது?"

"நீ கேக்கவே இல்லியே?"

"பின்னால ஆளுங்க நிக்கிறாங்க, எள்ளை எடுங்க சார்" என்றார் புரோகிதர்.

அத்தை விரல்விட்டு எதையோ எண்ணினார். பிறகு என் பக்கம் திரும்பி, "அம்மா போயி முப்பது வருசத்துக்கு மேல ஆச்சு. இவன் ஆரம்பிச்சே ஒம்பது வருசந்தான். அம்மா இருந்தவரைக்கும் அப்பாவுக்கு யாரும் எள்ளுத்தண்ணி விடல, செல்வி. அவுங்க பொட்டு பொட்டுதான்" என்றார். அப்புறம் சிரித்தார். சிரித்துக்கொண்டே மூக்கைத் துடைத்தார். எனக்கும் நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. எள்ளைக் கடலில் விடப் போன இவர் மட்டும், என்ன நடந்தது என்று தெரியாமல் ஈர வேட்டியோடு அலையில் நின்றுகொண்டிருந்தார்.

கடலூரிலிருந்து சிதம்பரம் 45 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம் ஆனது. அவசரப்பட்டு நண்பகலில் போய் நின்றோம். நடை சாத்தியிருந்தது, மாலை நாலரைக்கு மேல்தான் திறந்தார்கள். சாப்பாடு 110 ரூபாய். அமாவாசை என்பதால் அத்தை வெளிச்சாப்பாடு வேண்டாம் என்று வாழைப்பழம் மட்டும் சாப்பிட்டார்.

சன்னதியில் தீட்சிதர் தட்டை வாங்கிக்கொண்டு, "பேரு, நட்சத்திரம்?" என்றார். அத்தை வாயைத் திறந்தார், மூடினார். வழக்கமாகச் சொல்கிற பெயர் உதட்டுவரை வந்திருக்க வேண்டும்.

"சாமி பேருக்கே பண்ணிடுங்க" என்றார்.

தீபாராதனையின்போது அவர் முகத்தில் நான் பார்த்த நிம்மதியை எழுதத் தெரியவில்லை.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ஏழு மணிக்கு முன் கடற்கரைக்குப் போய்விடுங்கள், பிறகு ஆட்டோ உள்ளே வராது. மாற்று வேட்டி இரண்டு வேண்டும். அம்மா வழியிலும் மூன்று தலைமுறைப் பெயர் கேட்பார்கள், தெரிந்துகொண்டு போங்கள். எங்கள் மூவருக்கும் எல்லாம் சேர்த்து மூவாயிரத்து ஐந்நூறுக்குள் முடிந்தது. முடிந்தால் வீட்டுப் பெண்களையும் கூட்டிப்போய்ப் பக்கத்தில் உட்காரவையுங்கள். ஆண்களுக்கு ஒரு வேண்டுகோள்: புரோகிதர் கேட்கும்போது பெயர்களை முணுமுணுக்காமல் உரக்கச் சொல்லுங்கள்.