பாசிக்கு மோர் ஊற்றியவன்

எங்கள் வீட்டு வாசலில் நான்கு வருடம் கொரியன் புல் வளர்த்தேன். வளர்த்தேன் என்பது பெருமைக்குச் சொல்வது. அது படுத்திருந்தது; நான் தண்ணீர் ஊற்றினேன். திண்டுக்கல்லில் குழாய்த் தண்ணீர் வருகிற நாளைத் திருவிழாபோல எதிர்பார்க்கிறவர்கள் நாங்கள். போர் தண்ணீரோ உப்பு. நல்ல தண்ணீரைக் குடித்தும் புல் வெளுத்தது. போர் தண்ணீருக்கு மாற்றியதும் அதற்காகவே காத்திருந்ததுபோலச் செத்தது.

வடக்குப் பார்த்த வாசல். பக்கத்து வீட்டு மாடி மறைப்பதால் வெயில் விழாது. ஐப்பசி மழையில், புல் அழுகிய இடத்தில் தானாகப் பாசி பிடித்தது. ஜப்பானில் கோயில் தோட்டங்களில் பாசியைப் பொத்திப் பொத்தி வளர்க்கிறார்கள் என்று எங்கோ படித்திருந்தேன். படிப்பினால் எனக்கு வந்த கேடுகளில் இது சின்னது. மிச்சமிருந்த புல்லையும் மண்வெட்டியால் புரட்டிப்போட்டேன்.

மண் வாசலைப் பார்த்துத் தெருவே சிரித்தது. எல்லார் வாசலிலும் பேவர் பிளாக் பதித்தாயிற்று. எங்கள் வாசல் மட்டும் மண்ணாக இருப்பது என் மனைவிக்கு மானப் பிரச்சினை. பாசிக்கு நான் தண்ணீர் கலந்து மோர் தெளித்த அன்று அவள் பொறுமை போய்விட்டது.

“ஏங்க, வெஞ்சனம் இல்லாத அன்னைக்கு மோரை ஊத்திச் சாப்புடுற வீடு இது. அதையும் மண்ணுல ஊத்துறீங்களா?”

“மோர் ஊத்துனா நல்லா படரும்னு நெட்டுல போட்டிருக்கான்.”

“பூனைதான் படருது.”

உண்மை. தெருப் பூனைகள் மூன்று வந்து நக்கிக்கொண்டிருந்தன. கடைசியில் கெடு வைத்தாள்: பொங்கலுக்குள் வாசல் முழுக்கப் பச்சையாக வேண்டும், இல்லாவிட்டால் பேவர் பிளாக். கல் பதிக்கிற ஆளுக்கும் அப்போதே போன் போட்டுச் சொல்லிவிட்டாள்.

மோரை நிறுத்தினேன். ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீரைப் பிடித்து ஊற்றினேன், அதில் உப்பில்லை. மழைக்காலத்தில் ஏசி போட்டுக்கொண்டு போர்வைக்குள் நடுங்கியது பாசிக்காகத்தான். மார்கழியில் முக்கால் வாசல் பச்சை. செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பேன். குளிர்ந்த வெல்வெட்டு.

பொங்கலுக்கு நான்கு நாள் இருக்கும்போது, ஒட்டன்சத்திரத்தில் கொழுந்தியாள் வீட்டுக்குப் போய்விட்டு மறுநாள் திரும்பினோம். குழாய்த் தண்ணீர் வந்தால் பிடித்துவைக்க, பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற வாத்தியாரிடம் கேட் சாவியைக் கொடுத்திருந்தோம். வந்து பார்த்தால் வாசல் வெள்ளைவெளேரென்று இருந்தது. பிளீச்சிங் பவுடர் வாசனை தெருமுனைக்கே வந்தது. அவர் ஈர்க்கு விளக்குமாறோடு நின்று சிரித்தார்.

“தம்பி, பொங்க வருது, வாசல் பூராம் பாசி புடிச்சுக் கெடந்துச்சு. வழுக்கி விழுந்துரக் கூடாதேன்னு நானே தேச்சு விட்டுட்டேன்.”

பொங்கலுக்குப் பாசியைத் தேய்க்கிற ஊரில், பாசியை வளர்க்கிறவன் சாவியைக் கொடுக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி பேசிவிட்டாள்.

“சார், அது இவரு புள்ள மாதிரி வளத்தது.”

அவர் முகம் சுண்டிப்போயிற்று. “பாசியவா?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

பொங்கலுக்கு முந்தின நாள் பேவர் பிளாக்காரர் டேப்போடு வந்தார். வாசல் நடுவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன்.

“அண்ணே, செத்த எந்திரிங்க, அளக்கணும்.”

“என்னையும் சேத்து அளந்துக்க.”

“ஒங்களுக்கு மேல கல்லு பதிக்க முடியாதுண்ணே.”

“அதுக்குத்தான் உக்காந்திருக்கேன்.”

அப்போது வாத்தியார் கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். கையில் இரும்புச் சட்டி. சட்டி நிறையப் பாசி, அடிமண்ணோடு பத்தை பத்தையாக. “எங்க கெணத்தடியில இருந்துச்சு தம்பி. எதைத் தேய்க்கணும், எதைத் தேய்க்கக் கூடாதுன்னு இனிமே கேட்டுக்கிறேன்” என்று என் காலடியில் வைத்தார். நான் நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவில்லை. அந்த நேரத்தில் மரியாதை பார்த்தால் வாசல் போய்விடும்.

மனைவி சட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பேவர் பிளாக்காரர் பக்கம் திரும்பினாள்.

“வண்டி நிக்கிற எடத்துக்கு மட்டும் போட்டுட்டுப் போங்க தம்பி. மிச்ச எடத்துல ஆளு உக்காந்திருக்கு.”

கெடு முடிந்தது. வாசலில் மூன்று பத்தை பாசிதான்.

ஒவ்வொரு சித்திரையிலும் அது கறுத்துச் சுருங்கும். தெருக்காரர்கள் துக்கம் விசாரித்துவிட்டுப் போவார்கள். மழை விழுந்ததும் பச்சையாகிவிடும். “வழுக்கப் போகுது, பாத்து” என்று கேட்டுக்கு வெளியே நின்று சொல்கிறவர்களுக்குச் சொல்வேன்: வழுக்கட்டும். ஒருமுறை விழுந்தும் இருக்கிறேன். மெத்தென்று இருந்ததாக வெளியே சொன்னேன். இடுப்பு வேறு மாதிரி சொன்னது. அதை நான் கேட்டுக்கொள்ளவில்லை.