காகம் சாப்பிட்ட பிறகு

என் பிள்ளைகள் இருவருக்கும் பச்சை நிறத்தோடு என்ன பகை என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அப்போது மகனுக்கு ஆறு வயது. தோசை மாவுக்குள் முருங்கையிலையை எவ்வளவு பொடியாக அரிந்து போட்டாலும், சுங்க அதிகாரி மாதிரித் துருவிக் கண்டுபிடித்துத் தட்டின் விளிம்பில் அடுக்கிவிடுவான். தப்பித் தவறி வாய்க்குள் போனதையும் விழுங்கமாட்டான், கன்னத்துக்குள் ஒதுக்கிவைத்துக்கொள்வான். "விழுங்கினியா? வாயைத் திறந்து காட்டு" என்று சொல்லிச் சொல்லியே எனக்கு நா வறண்டுவிடும். மகள் அவனைவிட நான்கு வயது மூத்தவள், சண்டை பிடிக்காத ரகம். சோற்றைத் தட்டின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குத் தள்ளிக்கொண்டே இருப்பாள். முடிவில் பார்த்தால் சோறு இடம் மாறியிருக்கும், குறைந்திருக்காது.

அவர்களுடைய அப்பா இருந்தவரை இதைப்பற்றி நான் பெரிதாகக் கவலைப்பட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாரும் பேருக்குக் கொறித்து முடித்ததும், மிஞ்சிய சோறு, பருப்பு, கீரை எல்லாவற்றையும் மீன்குழம்புச் சட்டிக்குள் கொட்டிக் குழைத்துக்கொண்டு அவர் அடுப்படியில், குசினித் தரையில் உட்கார்ந்துவிடுவார். சுற்றியிருந்து கை நீட்டுகிறவர்களுக்கு உருண்டை கிடைக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டால் கிடைக்காது, அதுதான் சட்டம். தட்டில் கீரையைத் தொடாத பிள்ளைகள் அந்த உருண்டைக்குப் போட்டி போடுவார்கள். குழைக்கிறவர் எல்லாருக்கும் கொடுத்துவிட்டுக் கடைசியில் சட்டியை வழித்துச் சாப்பிடுவார்.

போன வருடம் ஒரு காலையில் வேலைக்குப் போனவர் திரும்பி வரவில்லை. மாரடைப்பு என்றார்கள்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைவரை வீட்டில் மீன் இல்லை. ஒவ்வொரு மத்தியானமும் சமைத்ததில் முதல் பிடியை எடுத்துக் குசினி ஜன்னலுக்கு வெளியே உள்ள சீமெந்துக் கட்டின்மேல் வைப்பேன். காகம் வந்து எடுத்த பிறகுதான் நான் சாப்பிடுவேன். எங்கள் ஆட்களின் வீடுகளில் எல்லாம் உள்ள வழக்கம்தான். அந்தியேட்டி முடிந்ததும் மற்றவர்கள் விட்டுவிடுவார்கள், பிறகு விரத நாட்களில் மட்டும் வைப்பார்கள். நான் விடவில்லை. பக்தியால் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒன்றை நிறுத்துவதற்கும் ஒரு முடிவு எடுக்க வேண்டுமே, அதற்கு என்னிடம் தெம்பு இருக்கவில்லை. நாங்கள் இருக்கிற வெள்ளவத்தையில் காகத்துக்கா பஞ்சம், ஆனால் கடற்கரையிலும் சாப்பாட்டுக் கடைகளின் பின்புறத்திலும் மேய்கிற காகங்களுக்கு என் வெறுஞ்சோறு ஒரு பொருட்டில்லை. அவை வராத நாட்களில் நான் சாப்பிடவில்லை என்பதே பொழுது படும்வரை நினைவுக்கு வராது. பசி வேறு யாருக்கோ உள்ள வருத்தம் போல இருந்தது.

அப்படியிருக்கும்போதுதான் மகள் பள்ளிக்கூடத்தில் காலைக் கூட்டத்தில் நின்றபடியே மயங்கி விழுந்தாள். பொரளையில் ஒரு டொக்டரிடம் கொண்டுபோனேன். இரத்தம் குறைவு என்றார். மீன், முட்டை, ஈரல், கீரை எல்லாம் கட்டாயம் கொடுக்க வேண்டும், அடுத்த பள்ளித் தவணை தொடங்கும்போது திரும்பச் சோதிப்போம், ஏறாவிட்டால் வார்டில் வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்றார். கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த இடத்தில் எனக்குப் பயம் வர வேண்டும் என்று தெரிந்தது. வரவில்லை.

பயம் வராவிட்டாலும் வேலை செய்யலாம். சிவப்பரிசிச் சோறு, குரக்கன் புட்டு, வல்லாரைச் சம்பல் என்று மெஷின் மாதிரிச் சமைத்தேன். நுகேகொடையில் இருக்கும் அக்கா போனில் வீடியோ வீடியோவாக அனுப்பினாள். கரட்டைப் பூவாக வெட்டுங்கள், சோற்றைக் கரடி முகமாகப் பிடியுங்கள், பிள்ளைகள் தாமாகவே சாப்பிடுவார்கள் என்று அதில் ஒரு பெண் சிரித்துச் சிரித்துச் சொன்னாள். ஒரு நாள் கரடி செய்தேன். அதன் காதை நான் கரண்டியால் வெட்டியதும் மகன் அழத் தொடங்கினான், கரடியை எப்படித் தின்பது என்று. அக்காவின் வீடியோக்களை அதற்குப் பிறகு நான் திறக்கவில்லை.

ஆனால் மகளிடம் ஒரு மாற்றம் தெரிந்தது. பொரித்த மீனில் முள்ளில்லாத நடுத்துண்டை அவளுக்கென்றே வைப்பேன். தட்டு திரும்பி வரும்போது சோறு கிடக்கும், மீன் இருக்காது. அவித்த முட்டையும் அப்படித்தான். மீனாவது உள்ளே போகிறதே என்று இருந்தேன். காகத்துக்குச் சோறு வைக்கிற வேலையையும் அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். அப்பாவின் நினைவில் கேட்கிறாள் என்று விட்டுவிட்டேன். அவள் கைராசியோ என்னவோ, காகம் தவறாமல் வரத் தொடங்கியது. "காகம் எடுத்திட்டுது, சாப்பிடுங்க" என்று வந்து சொல்வாள். நானும் போய்ச் சாப்பிடுவேன். என் முகம் கொஞ்சம் தெளிந்திருக்கிறது என்று அக்காகூட ஒருமுறை சொன்னாள்.

இரண்டாவது சோதனையில் இரத்தம் ஏறவில்லை, இன்னும் இறங்கியிருந்தது. பிள்ளை உண்மையாகவே மீன் சாப்பிடுகிறாளா என்று டொக்டர் கேட்டார். ஒவ்வொரு நாளும் என்றேன். அப்படியானால் வேறு ஏதோ இருக்கிறது, அடுத்த கிழமை வார்டுக்குக் கொண்டுவாருங்கள் என்றார். பஸ்ஸில் வரும்போது மகள் என் தோளில் சாய்ந்து நித்திரையாகிவிட்டாள். அந்தத் தலையில் பாரமே இருக்கவில்லை.

அடுத்த நாள் மத்தியானம் காயப்போட்ட உடுப்பை எடுத்துக்கொண்டு குசினிப் பக்கம் வந்தேன். மகள் எனக்கு முதுகு காட்டிக்கொண்டு ஜன்னலோரம் நின்றாள். தன் தட்டிலிருந்த மீன் துண்டைப் பிய்த்து, வெளியே வைத்திருந்த சோற்றின்மேல் ஒவ்வொன்றாக வைத்தாள். பிறகு கட்டின்மேல் தட்டிக் காகத்தைக் கூப்பிட்டாள். எதிரே வயரில் இருந்த காகம் கழுத்தைச் சாய்த்துப் பார்த்தது. அதற்கு நல்ல பழக்கம் போல.

எனக்குக் கோபம் வந்தது. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு எனக்குள் வந்த முதல் உணர்ச்சி அதுதான்.

"டொக்டர் சொன்னது காதில விழேல்லையா? உனக்கெண்டு பொரிச்ச மீனை ஏன் வெளியில எறியிறாய்?"

அவள் திரும்பவில்லை. "வெறுஞ்சோறு வைச்சா காகம் வாறேல்லை, அம்மா."

"வராட்டி வராமல் போகட்டும்."

"வராட்டி நீங்க சாப்பிடுறேல்லையே."

மேசையில் இருந்த மகன், தானும் தன்னுடைய முருங்கையிலையைக் கொடுத்துப் பார்த்ததாகவும், காகம் அதைக் காலால் தள்ளிவிட்டதாகவும் சாட்சி சொன்னான்.

எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, பொரளையில் வராத பயம் இப்போது வந்தது. கட்டின்மேல் இருந்த சோற்றையும் மீனையும் வழித்தெடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு ஜன்னலைச் சாத்தினேன். குழம்புச் சட்டியை இறக்கி, அதற்குள் சிவப்பரிசிச் சோறு, பருப்பு, வல்லாரைச் சம்பல், மிஞ்சிய பொரித்த மீன் எல்லாவற்றையும் போட்டேன். கையைக் கழுவிக்கொண்டு குசினித் தரையில் உட்கார்ந்தேன். அவருக்கு வந்த பதம் எனக்கு வரவில்லை. தண்ணி கூடி, உருண்டை கையிலேயே சிதைந்தது. என்றாலும் பிள்ளைகள் இருவரும் வந்து, ஒரு வார்த்தை கேட்காமல் எதிரே காலை மடக்கிச் சப்பாணி கட்டிக்கொண்டு இருந்தார்கள்.

காகத்துக்கு முதல் பிடி, குழைக்கிறவருக்குக் கடைசிப் பிடி. இரண்டையும் அன்றைக்கு நான் மீறினேன். முதல் உருண்டையை என் வாயிலேயே போட்டேன். உப்புக் குறைவு என்று தெரிந்தது. அவ்வளவு நாளும் உப்பு கூடியதோ குறைந்ததோ எனக்குத் தெரிந்ததில்லை.

ஜன்னலுக்கு வெளியே காகம் கண்ணாடியைக் கொத்திக்கொண்டிருந்தது. மகள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை, என்னுடைய தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விழுங்கினீங்களா?" என்றாள். "வாயைத் திறந்து காட்டுங்க."

திறந்து காட்டினேன். அவள் நன்றாக எட்டிப் பார்த்தாள். பிறகுதான் தன் கையை நீட்டினாள்.