தானாகச் சுருங்கிய கட்டி

காலை ஆறேகால் மணிக்குச் சவரம் செய்துகொண்டிருந்த என் கணவரின் இடது காதுக்குக் கீழே, நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டியைப் பார்த்தேன். வலியோ காய்ச்சலோ இல்லை. சிங்கப்பூர் தேக்கா சந்தையில் வாங்கிய மஞ்சளைக் குழைத்துப் பற்றுப் போட்டேன். சில வாரங்களில் கட்டி பாதியாகச் சுருங்கியது.

"உன் மஞ்சளுக்கே பயந்து ஓடுது. டாக்டர் எதுக்குலா?" என்றார். கட்டியைக் காட்ட அரசு பாலிகிளினிக்கில் வாங்கியிருந்த அப்பாயின்மெண்டை நானே ரத்து செய்தேன்.

தீபாவளிக்குப் பிறகு கட்டி மீண்டும் பெருத்தது. அக்குளிலும் ஒன்று வந்தது. மருத்துவமனையில் ஊசியால் செல்களை எடுத்துப் பார்த்தார்கள். அதை வைத்து எதுவும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

"அப்ப ஒண்ணுமில்ல, வா போலாம்," என்று இவர் எழுந்தார்.

"உட்காருங்க அங்கிள்," என்றார் அங்கிருந்த தமிழ் டாக்டர். "ஊசியில வர்றது தனித்தனி செல்தான். கட்டிய முழுசா எடுத்தாதான் உள்ளே எப்படி அமைஞ்சிருக்குன்னு தெரியும். மெதுவா வளர்ற சில வகை தானா சுருங்கும், திரும்பவும் வரும்."

கட்டியை முழுதாக எடுத்துச் சோதித்ததில், மெதுவாக வளரும் நிணநீர்ப் புற்றுநோய் என்று உறுதியானது. இப்போதைக்கு மருந்து வேண்டாம், கண்காணித்தால் போதும் என்றார்கள்.

உடம்பில் எந்த வீக்கம் வந்தாலும், அது வடிந்துவிட்டாலும், இப்போது டாக்டரிடம் காட்டிவிடுகிறோம். இவருக்கு அடுத்த ரத்தப் பரிசோதனை வியாழக்கிழமை.