டெஸ் கிர்வான் உட்காராத நாற்காலி

எங்கள் ஊர் மாரத்தானில் முதலில் வருகிறவர்கள் யார் என்று என்னைக் கேட்காதீர்கள். தண்ணீர்க் குவளையைப் பறித்து, பாதியை என் செருப்பில் கொட்டிவிட்டுப் பறந்துவிடுவார்கள். ஒரு நன்றியாவது சொல்வார்களா? கிடையாது. எனக்குத் தெரிந்தவர்கள் எல்லாம் பின்னால் வருகிறவர்கள்தான். அவர்களிலும் கடைசி ஆள், டெஸ் கிர்வான். அவனைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

ராக்ஹாம்ப்டன் பாலத்தடியில் விடியுமுன் ஓட்டம் கிளம்பும். ஆற்றோரமாகவே வந்தால் படகுத்துறையில் என் தண்ணீர் மேசை. அதைத் தாண்டி மாட்டிறைச்சி ஆலை வாசல்வரை ஒரு மொட்டைச் சாலை; மருந்துக்குக்கூட ஒரு மரம் இல்லை. வாசலில் ஓர் ஆரஞ்சுக் கூம்பு வைத்திருப்பார்கள். அதைச் சுற்றிக்கொண்டு வந்த வழியே பாலத்துக்குத் திரும்ப வேண்டும். இப்படி இரண்டு சுற்று. வெளியூர்க்காரர்கள் வந்தால், "ஆத்துல முதலை இருக்காமே?" என்று தவறாமல் கேட்பார்கள். "இருக்கு. மெதுவா ஓடினா நேர்லயே பாக்கலாம்" என்பேன்.

எங்கள் கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் பத்து முறை ஓடி முடித்துவிட்டால், அவர் மார்பில் குத்தியிருந்த எண் அவருக்கே சொந்தம். அவர் ஓடினாலும் ஓடாவிட்டாலும், இருந்தாலும் செத்தாலும், அதை வேறு யாருக்கும் கொடுக்கமாட்டார்கள். கிளப் கொட்டகைப் பலகையில் பெயரும் எண்ணும் ஏறும். அதில் என்ன இருக்கிறது என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. ஒரு துண்டுக் காகிதம், நாலு ஊக்கு. ஆனால் அதற்காக முழங்காலைத் தொலைத்தவர்கள் இங்கே நிறையப் பேர்.

217 நோரீனுடைய எண். நோரீன் டெஸின் மனைவி, பள்ளிக்கூடச் சிற்றுண்டிக் கடையில் வேலை பார்த்தவள். ஆற்றின் அந்தக் கரையில் சிரித்தால் இந்தக் கரையில் கேட்கும். ஒன்பது மாரத்தான் முடித்திருந்தாள். பத்தாவதில் வெயில் பிடித்துக்கொண்டது. பதினொரு மணிக்கு முடிவுக்கோட்டில் கடிகாரத்தை நிறுத்திவிடுவார்கள். அதற்கப்புறம் வருகிற யாரும் கணக்கில் இல்லை. அவள் நாலு நிமிஷம் பிந்தி வந்தாள். யாரோ வருத்தம் சொல்லப் போனதற்கு, "அட விடு, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று சிரித்தாள். அடுத்த வருஷம் அவளுக்கு வரவில்லை. கணையத்தில் புற்றுநோய். கிறிஸ்துமஸுக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அதுவரை டெஸ் தெருமுனைவரைகூட ஓடியவன் இல்லை. ரயில்வே பணிமனையில் பெட்டிகளுக்கு வண்ணம் அடித்து ஓய்வு பெற்றவன். மாரத்தான் அன்று ஐஸ் பெட்டியும் பச்சை மடக்கு நாற்காலியுமாக என் மேசைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வான். ஓடுகிறவர்களை வம்புக்கிழுப்பதுதான் அவன் வேலை. "துரத்துறவன் ஒருத்தனையும் காணோம், எதுக்குடா இப்படி ஓடுறீங்க?" நோரீன் வரும்போது மட்டும் எழுந்து நிற்பான்.

அவளைப் புதைத்த அடுத்த வருஷம் பெயர் பதிய வந்தான். கிளப் தலைவி கிளெனிஸிடம் 217 வேண்டும் என்றான். நோரீனின் ஒன்பதோடு தான் ஓடுகிற ஒன்றைச் சேர்த்துப் பத்தாக வைத்துக்கொள்ளலாமா என்றும் கேட்டான்.

"அப்படிச் சேக்க முடியாது டெஸ். ஆளுக்குப் பத்து. விதி அதுதான்."

"நான் ஓடலேன்னா அந்த நம்பர் என்ன ஆகும்?"

"யார் கேட்டாலும் குடுத்துடுவோம்."

"குடுத்துடாதே. பத்தையும் நானே ஓடுறேன்" என்றான். அப்போது அவனுக்கு அறுபத்திரண்டு வயது.

பச்சை நாற்காலியை என்னிடம் கொண்டுவந்து போட்டுவிட்டான். "எனக்கு வேணாம் ரோண்டா, நீ வச்சுக்கோ." நல்ல நாற்காலி, நானும் ஏன் எதற்கென்று கேட்கவில்லை. வருஷா வருஷம் அவன் வேர்த்து விறுவிறுத்து வரும்போது அதை விரித்துப் போட்டு, "ரெண்டு நிமிஷம் உக்காருடா கிழவா" என்பேன். பாம்பைக் கண்டவன்போல் ஒதுங்கிப் போவான். மேசையில் அவன் பாட்டில் இருக்கும்: எலுமிச்சைச் சாறு, கொஞ்சம் உப்பு, மூடியில் நீல டேப். நின்றபடியே குடிப்பான். பாட்டிலைத் துடைத்து வைப்பான். போய்விடுவான்.

மற்றவர்கள் என் மேசையில் வைப்பதெல்லாம் கணவனோ மனைவியோ பிள்ளைகளோ நிரப்பித் தந்த பாட்டில். மூடியில் இதயம் வரைந்திருக்கும், "அப்பா ஓடு" என்று கிறுக்கியிருக்கும். டெஸின் பாட்டிலில் நீல டேப் மட்டும். அவன் மகன் பெர்த்தில் சுரங்க வேலையில் இருக்கிறான், கிறிஸ்துமஸுக்குப் போன் செய்வான். கிளப்பில் எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து ஓடிவிட்டு பன்றிக்கறியும் முட்டையுமாகச் சாப்பிடுவோம். அவன் மட்டும் இருட்டோடு தனியாக ஓடி முடித்து, நாங்கள் ஷூ மாட்டும் நேரத்தில் வீட்டு வாசலில் நோரீனின் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பான். கூப்பிட்டால் ஒற்றை விரலைத் தூக்குவான். எங்கள் பக்கத்தில் எதிரே வருகிற வண்டிக்கு ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல் ஒரு விரலை மட்டும் தூக்குவோமே, அதே வணக்கம். போட்டியிலும் அவனுக்கு அதுதான். எதிரே திரும்பி வருகிறவர்கள் எல்லாம் "சபாஷ் டெஸ்!" என்று கத்துவார்கள், அவன் ஒரு விரலைத் தூக்குவான். பிறகு எதிரே வர ஆள் இருக்காது. மிச்ச தூரம் முழுக்க அவனும் சாலையும்தான்.

ஒன்பது முடித்தான். பத்தாவது போன வருஷம். பாழாய்ப்போன வெள்ளம் வந்து மே மாதத்து ஓட்டம் அக்டோபருக்குத் தள்ளிப்போனது. எங்களுக்கு மே மாதம்தான் குளிர் தொடங்கும்; அக்டோபரில் எங்கள் ஊரில் நாய்கூட வெயிலில் நடக்காது. காலை எட்டு மணிக்கே தார் இளகி ஷூவில் ஒட்டியது. நான் ஐஸைக் கொட்டக் கொட்ட அது தண்ணீராகிக்கொண்டே இருந்தது. பாதிப் பேர் ஒரு சுற்றோடு கும்பிடு போட்டுவிட்டார்கள்.

கடைசி ஆளுக்குப் பின்னால் எப்போதும் எங்கள் சைக்கிள் ஒன்று வரும். அது தாண்டிய பிறகுதான் சாலையில் வைத்ததையெல்லாம் எடுப்பார்கள். அன்று சைக்கிளில் வந்த பெண் வழியில் மயங்கி விழுந்த ஒருவனுக்காக நின்றுவிட்டாள். அவனை ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். வாக்கி டாக்கியில் யாரோ, "கடைசி ஆளை ஏத்தியாச்சு" என்றார்கள். அவ்வளவுதான், கிளப்பில் சாலை வேலையைப் பார்க்கிற கிராண்ட் தன் சின்ன லாரியில் ஆலை வாசலுக்குப் போய்க் கூம்பைத் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டான்.

"மூட்டை கட்டு ரோண்டா. முடிஞ்சுது."

"என்ன முடிஞ்சுது? டெஸ் இன்னும் ரெண்டாவது சுத்துக்கு வரலயே."

"கடைசி ஆள் வண்டியில போயிட்டான்னு சொல்றாங்க."

"சொல்றவங்க வாயில மண்ணு. அவன் பாட்டில் இங்க இருக்கு. நான் நகர மாட்டேன்."

சொல்லி வாய் மூடவில்லை, வளைவில் தொப்பி தெரிந்தது. பின்னால் சைக்கிள் இல்லை. நடையும் ஓட்டமுமாக, உப்புப் பூத்த முகத்தோடு வந்தான். பாட்டிலை எடுத்துக் குடித்தான். கிராண்ட் தொப்பியைக் கழற்றிவிட்டான்.

"டெஸ், தப்பு பண்ணிட்டேன். நீ இல்லன்னு நினைச்சுக் கூம்பை எடுத்துட்டேன். நீ இங்கயே திரும்பிடு. சுத்திட்டுத்தான் போனேன்னு நான் சொல்லிக்கறேன்."

"கூம்பு எங்க இருந்துச்சு?"

"எப்பவும் போல ஆலை வாசல்லதான். ஆனா இப்ப அங்க—"

"வாசல் இருக்கா, அதையும் வண்டியில ஏத்திட்டியா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் மணியையும் பார்த்தேன். இங்கேயே திரும்பினால் பதினொன்றுக்குள் பாலத்தைப் பிடித்துவிடலாம். ஆலைவரை போய் வந்தால் முடியாது.

"டெஸ், பத்தாவதுடா இது. அங்க போனா நேரம் தாண்டிடும், எண்ணும் போயிடும். அவன் பண்ண கூத்துக்கு நீ ஏன் வெயில்ல வேகணும்? யாரு கேக்கப்போறா?"

அவன் வாயைத் துடைத்துக்கொண்டான். "நோரீன் அதுவரைக்கும் போனவ" என்றான்.

"இரு, நான் கூம்பையாவது வச்சுட்டு வரேன்" என்று கிராண்ட் வண்டிக்கு ஓடினான்.

"வேணாம். இடம் தெரியும்."

போய்விட்டான். மேட்டில் நின்று பார்த்தேன். கானல் அலையடிக்கிற சாலையில் ஒரு தொப்பி மட்டும் சிறிதாகிக்கொண்டே போனது. அந்தப் பக்கத்திலிருந்து ஒரு வண்டிகூட வரவில்லை. வாசலை எட்டியதும் வேலிக்கம்பத்தைக் கையால் தொட்டான், கூம்பு இருந்தால் எப்படிச் சுற்றுவானோ அப்படிச் சுற்றினான், திரும்பினான். எனக்கு அழுகையாகவும் வந்தது, அவன் கன்னத்தில் இரண்டு வைக்க வேண்டும்போலவும் இருந்தது.

அவன் திரும்பி வந்தபோது கால்கள் பின்னிக்கொண்டிருந்தன. நான் பழக்கதோஷத்தில் நாற்காலியை விரித்துவிட்டேன்.

"எடு அதை!" என்று கத்தினான். இத்தனை வருஷத்தில் அவன் என்னிடம் குரல் உயர்த்தியது அன்றுதான்.

மேசையைக் காரில் போட்டுக்கொண்டு நான் பாலத்துக்குப் போனேன். பதினொன்று அடித்தது, கடிகாரத்தை நிறுத்தினார்கள். முடிவுக்கோட்டின் மேல் நின்ற காற்றடைத்த வளைவு புஸ்ஸென்று படுத்தது. ஸாஸேஜ் அடுப்பைக்கூட அணைத்துவிட்டார்கள். குப்பைக்கோழி என்று நாங்கள் கூப்பிடுகிற நீளமூக்குப் பறவைகள் வாழைப்பழத் தோலுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. நான் கிளெனிஸின் கையைப் பிடித்து நிறுத்தி, நடந்தது அத்தனையையும் சொன்னேன். கொஞ்சம் கத்தினேன் என்றுகூட வைத்துக்கொள்ளுங்கள். அவள் வெளிறிப்போய், வீட்டுக்குப் போகாமல் என்னோடு நின்றாள்.

அவன் வந்தபோது கைதட்ட நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம். தரையில் வெள்ளைக்கோடு மட்டும் மிச்சம். அதைத் தாண்டி இரண்டு எட்டு வைத்து, முழங்காலில் கையை ஊன்றி நின்றான்.

கிளெனிஸ் நல்லவள்தான். நேராக விஷயத்துக்கு வந்தாள். "டெஸ், குத்தம் முழுக்க எங்களோடது. சைக்கிளை நிறுத்தினதும் நாங்க, கூம்பை எடுத்ததும் நாங்க. நீ நேரத்துக்குள்ள வந்ததாத்தான் கணக்கு. கமிட்டியில நான் பேசிக்கறேன். 217 இனி உன்னோடது."

அவன் நிமிரவில்லை. "நோரீன் எத்தனை நிமிஷம் லேட்டு?"

"நாலு."

"அவளுக்குக் குடுக்கலையே."

"அது வேற டெஸ். அன்னைக்கு எங்க மேல தப்பு எதுவும் இல்ல."

"இல்ல. என் மேல." நெஞ்சிலிருந்து ஊக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கினான். "வெயிலா இருக்கு, அஞ்சு நிமிஷம் உக்காருன்னேன். வேணாம் டெஸ்னு சொன்னா. நேரம் கிடக்குடின்னு நான்தான் கையைப் பிடிச்சு உக்கார வச்சேன். அந்த நாற்காலியிலதான். தர்பூசணி வெட்டிக் குடுத்தேன். அவளும் தின்னா. அஞ்சு நிமிஷம்." ஊக்கு ஒன்று கீழே விழுந்தது. "ஒரு தடவைகூட என்னைக் குத்திக் காட்டல அவ. ஆஸ்பத்திரியிலகூட."

அன்று நான் அவர்களுக்குப் பக்கத்தில்தான் இருந்தேன். நோரீன் கால் நீட்டி உட்கார்ந்து, தர்பூசணி விதையை ஆற்றுப் பக்கம் துப்பிச் சிரித்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறாள் என்றுதான் அப்போது நினைத்தேன். அதை நினைத்து நினைத்து ஒரு மனுஷன் பத்து வருஷம் உட்காராமல் ஓடியிருக்கிறான்.

அவன் 217ஐ மடிக்காமல், தொப்பிக்குள் தட்டையாக வைத்துத் தலையில் போட்டுக்கொண்டான்.

"அட விடு. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றான். அச்சு அசல் அவள் சொன்ன அதே வார்த்தை. கிளெனிஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அடுத்த வருஷம் சைக்கிள்ல உன் பின்னால நான் வரேன்" என்றேன்.

"நீயா? நீ வாயை மூட மாட்டே."

"மூட மாட்டேன்."

"தூரமா வா" என்றான்.

என்னிடமிருந்து தன் பாட்டிலை வாங்கிக்கொண்டு, தன் காரை நோக்கித் தனியாக நடந்தான். கதவைத் திறந்து, வெளியேயே நின்று, பாட்டிலில் இருந்த மிச்சத்தைக் குடித்து முடித்த பிறகுதான் உள்ளே ஏறினான். எங்களைக் கடக்கும்போது ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரல் எழுந்தது. விடிகாலையிலிருந்து நின்று என் கால் இரண்டும் கெஞ்சின. பச்சை நாற்காலி என் காரில் மேலாகவே கிடந்தது. அதை எடுத்து விரிக்க எனக்கு மனசு வரவில்லை.