மண்டோர் கையில் நொறுங்கிய கல்

போன வாரம் பத்திரிகையின் இதே பக்கத்தில் உங்களையெல்லாம் புக்கிட் மேராவுக்குப் பொங்கல் விழாவுக்கு அழைத்திருந்தேன். அழைப்பை நம்பி பஸ் ஏறி வந்தவர்கள் மன்னிக்க வேண்டும். மேடை எங்கே, பந்தல் எங்கே என்று தேடியிருப்பீர்கள். இரண்டும் அங்கேதான் இருந்தன... ஆறடி மண்ணுக்கு அடியில்!

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தொழிலாளர் குவார்ட்டர்ஸ் குன்றின் அடிவாரத்தில் இருக்கிறது. பக்கத்துத் திடல் சின்னது. ஐம்பது பானை வைக்க வேண்டும், மேடையும் போட வேண்டும். எப்படி முடியும்? 'குன்றின் அடியைக் கொஞ்சம் வெட்டினால் என்ன?' என்று ஒரு யோசனை பிறந்தது. யாருக்கு? விழாக் கமிட்டிச் செயலாளருக்கு. அது யார்? ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி, அடியேன்தான்.

மூன்று ஞாயிற்றுக்கிழமை. இருபது ஆட்கள், மண்வெட்டி, கடப்பாரை. திடல் இரண்டு மடங்காயிற்று. சரிவாக இருந்த இடத்தில் இப்போது சிவப்புச் சுவர் மாதிரி செங்குத்தாக நின்றது மண். "தமிழன் நினைத்தால் மலையையும் நகர்த்துவான்!" என்று ஒரு பேச்சு வேறு பேசினேன். நல்ல கைதட்டல். தேக்கா சந்தையில் கரும்புக்கும் சொல்லியாகிவிட்டது.

வீராசாமி அண்ணன் மட்டும் கை தட்டவில்லை.

இவர் எங்கள் குவார்ட்டர்ஸ்காரர். கால்வாய்களில் சேறு அள்ளும் ஆட்களுக்கு மண்டோர், அதாவது மேஸ்திரி. ஜப்பான்காரன் வருவதற்கு முன்பிருந்தே இந்த வேலைதான். சேற்றை விரலால் தேய்த்து, அது எந்த மேட்டிலிருந்து வந்தது என்று சொல்வார். வெள்ளையாய், பரல் பரலாய் இருந்தால் புக்கிட் தீமாவாம். சிவப்பாய் விரலில் அப்பிக்கொண்டால் நம்ம புக்கிட் மேராவாம். சும்மா அளக்கிறார் என்று நான் நினைத்ததுண்டு.

போகிக்கு முன் மூன்று நாள் விடாத மழை. போகியன்று விடியற்காலையில் நின்றது. ஒன்பது மணிக்கு முழங்கால் வரை சேறோடு வீராசாமி அண்ணன் என் வாசலில் நின்றார்.

"கிராணியாரே, லோங்காங் கால்வாயைப் பார்த்தீங்களா?"

"மழை பெஞ்சா லோங்காங்ல தண்ணி ஓடத்தான் செய்யும் லா, அண்ணே."

"மழை எப்பவோ விட்டுடுச்சு. வழக்கமா ஒரு மணி நேரத்துல தண்ணி தெளிஞ்சுடும். இன்னிக்கு இன்னும் சிவப்பாவே ஓடுது. மலைக்கு உள்ளேருந்து மண்ணு வருது. கடைசி வீட்டுக்காரங்களை உடனே கிளப்புங்க."

கடைசி வீட்டில் பாக்கியம். பிள்ளை பிறந்து இருபத்தேழு நாள். புருஷன் துறைமுகத்தில் வேலைக்குப் போயிருந்தான். விஷயத்தைச் சொன்னதும் அவள் சீறினாள்.

"பொங்கலும் அதுவுமா வீட்டைப் பூட்டிட்டுப் போறதா? சுண்ணாம்பு அடிச்சு, புதுப்பானை வாங்கி வச்சிருக்கேன். நாளைக்கு என் அடுப்பு எரியாம கிடக்கணுமா?"

எனக்கும் அது நியாயமாகவே பட்டது. சும்மா சொல்வானேன்? என் மேடை அங்கே இருக்கிறதே!

"அண்ணே, அது கல்லு மலை. வெட்டும்போது நாங்கதான் பார்த்தோமே" என்றேன்.

அவர் வாதாடவில்லை. என் கையைப் பிடித்து அந்தச் சிவப்புச் சுவரிடம் கூட்டிப்போனார். தேங்காய் அளவுக்கு ஒரு கல்லைப் பிடுங்கினார். அசல் கல். வரி வரியாய்க் கோடு, கூரான விளிம்பு. கட்டை விரலால் ஓர் அழுத்து அழுத்தினார்.

புட்டு உதிர்வது போல உதிர்ந்தது!

"பார்வைக்குத்தான் கல்லு. மழைத்தண்ணி உள்ள இறங்கி இறங்கி, எந்தக் காலத்துலயோ மக்கிப்போச்சு. மேல வேரும், கீழ இந்த அடிமண்ணும்தான் பிடிச்சு வச்சிருந்துச்சு. அடியை நீங்க எடுத்துட்டீங்க."

எத்தனை ஆயிரம் மழை பெய்திருந்தால் ஒரு கல் தன் உருவம் மாறாமல் மண்ணாகியிருக்கும்? இந்த ஊருக்கு ஒரு பெயர் வருவதற்கு முன்பே அந்த வேலை தொடங்கியிருக்க வேண்டும். எனக்குத் தலை சுற்றியது.

சுவரின் அடியிலிருந்து நூல் மாதிரி சிவப்புத் தண்ணீர் கசிந்து கால்வாயில் விழுந்தது. விழுந்த இடத்தில் பரல் மணல். சற்றுத் தள்ளி நைசான மணல். திருப்பத்தில் மாவாய்ச் சேறு.

"யாரு அண்ணே இப்படிச் சலிச்சு வச்சது?"

"தண்ணிதான். வேகம் குறைஞ்சா கனமானதை முதல்ல போட்டுடும். லேசானதை ஆத்துக்குக் கொண்டுபோகும், அப்புறம் கடலுக்கு. ஆத்து வாயில தோண்டி எடுக்குறாங்களே சேறு, அதுல நம்ம மலையும் இருக்கு."

திரும்பி வந்தோம். பாக்கியம் வாசலை விட்டு அசையவில்லை. கூட்டம் கூடிவிட்டது. "கமிட்டிச் செயலாளர் சொல்லட்டும், கிளம்புறேன்" என்றாள்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மூன்று ஞாயிறு வியர்வை சிந்திய இருபது பேரும் பார்த்தார்கள். கௌரவம் என்பது எவ்வளவு கனம் என்று அன்றைக்குத் தெரிந்தது.

"மலையை வெட்டினது தப்பு. யோசனை என்னோடதுதான். கிளம்பும்மா" என்றேன்.

பிள்ளையை நானே வாங்கிக்கொண்டேன். பானை, பாய், பெட்டி எல்லாம் வெளியே வந்தன. பக்கத்து மூன்று வீடுகளையும் காலி செய்தோம்.

பகல் பன்னிரண்டு ஆகவில்லை. நல்ல வெயில். 'ஒன்றும் நடக்காவிட்டால் என்ன கேலி பேசுவார்கள்' என்று நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். கோணி கிழிவது போல் ஒரு சத்தம் கேட்டது.

மேலே இருந்த மரவள்ளித் தோட்டம் மெல்ல நகர்ந்தது. ஒரு வாழை மரம் தாரோடு, சாயாமல், நின்றபடியே இறங்கி வந்தது. அப்புறம் எல்லாம் ஒரே பாய்ச்சல். பத்து எண்ணுவதற்குள் மேடை இல்லை, பந்தல் இல்லை, கடைசி வீட்டின் பின்பாதி இல்லை. சத்தம் அடங்கியபோது அந்த வாழை மரம் இடிந்த அறைக்குள் நின்றுகொண்டிருந்தது.

"அங்கதான் தூளி கட்டியிருந்தேன்" என்றாள் பாக்கியம்.

அவள் பிள்ளை என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுதேன்.

மறுநாள் ரோட்டோரமாக அடுப்பு மூட்டினோம். முதல் பானை பாக்கியத்தினுடையது. அது பொங்கி வழிந்தபோது வீராசாமி அண்ணன் பக்கத்தில் போய் நின்றேன். "மலையே விழுந்துடுச்சே, அண்ணே" என்றேன்.

"விழலைங்க கிராணியாரே. அது எத்தனையோ காலமா கடலுக்குப் போய்க்கிட்டுத்தான் இருக்கு. நேத்து கொஞ்சம் வேகமாப் போச்சு, அவ்வளவுதான்."

இப்போதெல்லாம் குன்றோரமாக நடந்தால் சற்று ஒதுங்கி வழிவிட்டே நடக்கிறேன் – கடலுக்குப் பயணம் போகிறவர்களை மறிக்க நான் யார்?