புல்லைக் கொளுத்தாத பங்குனி

ஒரகடத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த உதிரிபாகக் கம்பெனியின் பின்பக்கத்தில், கட்டடம் எழும்பாமல் ஒரு ஏக்கர் கிடந்தது. வேம்பும் விளாவும் சூரைமுள் புதரும் தானாக வளர்ந்து அதைச் சின்னக் காடாக்கியிருந்தன. திருநெல்வேலியிலிருந்து வந்து, ஆறு பேரோடு ஓர் அறையில் முடங்கி, எட்டு மணி நேரம் லைனில் நிற்கும் எனக்கு அந்த நிழலில்தான் மூச்சு வந்தது. பக்கத்து மண்ணூரிலிருந்து தோட்ட வேலைக்கு வரும் அக்கா அங்கே ஒரு பழைய ட்ரேயில் தண்ணீர் வைப்பார். மைனாவும் கீரியும் வந்து குடிக்கும். அவருக்குக் குடம் தூக்கித் தரப்போய் நானும் அந்தக் காட்டுக்கு ஆளாகிவிட்டேன்.

பங்குனி பிறந்தது. மேலே வேம்பு பூத்திருக்க, கீழே புல் காய்ந்து கிடந்தது. பாதுகாப்பு அதிகாரி வந்து பார்த்துவிட்டு, "சம்மர்ல பத்திக்கும். திங்கக்கிழமை நாமளே கொளுத்திடலாம்" என்று சொல்லிப் போனார்.

அக்கா என்னைக் கூட்டிப்போய்ப் புல்லை விலக்கிக் காட்டினார். ஏழு கவுதாரி முட்டைகள்.

"இன்னா தம்பி பண்றது? அம்மாக்காரி இங்கதான் சுத்திக்கினு கீது."

"கொளுத்த விடக்கூடாதுக்கா. நான் போயி கேக்கேன்."

அதிகாரியின் பயம் நியாயமானதுதான். பக்கத்திலேயே பெயின்ட் டிரம் கிடங்கு. "பத்திக்கிட்டா யார் பதில் சொல்றது?" என்று கேட்டார்.

"சுத்தியும் பத்தடிக்கு மண்ணு தெரியச் செதுக்கிருதோம் சார். நெருப்பு தாண்டாது. உள்ள மட்டும் விட்டுருங்க."

சற்று யோசித்தார். "திங்கக்கிழமை வந்து பார்ப்பேன். சுத்தமா இல்லேன்னா கொளுத்திடுவேன்."

மூன்று நாள்தான் இருந்தது. ஷிப்ட் முடிந்ததும் ஓடி டீ குடித்துவிட்டு மண்வெட்டியைப் பிடித்தேன். ஓவர்டைம் வேண்டாம் என்று சொன்னதற்கு சூப்பர்வைசர் முறைத்தார். இரண்டாம் நாளே உள்ளங்கையில் கொப்புளம் வந்து உடைந்தது, துணியைச் சுற்றிக்கொண்டேன். ஞாயிறன்று அக்கா பூசை முடிந்து கோயிலிலிருந்து நேராக வந்து, புடவையை இழுத்துச் செருகினார்.

"நல்ல புடவ, முள்ளுல கிழிஞ்சிருமேக்கா."

"கிழிஞ்சா தெச்சுக்கலாம். நீ அந்தாண்ட வெட்டு."

இருட்டும்வரை வெட்டினோம். திங்கட்கிழமை அதிகாரி காட்டைச் சுற்றி நடந்தார். ஓரிடத்தில் குனிந்து, நாங்கள் விட்டுவிட்ட ஒரு புல்கற்றையைத் தானே பிடுங்கி எறிந்தார். "சரி, இருக்கட்டும்" என்றார்.

அடுத்த வாரம் மூன்று முட்டைகளைக் காணவில்லை. கீரியாகத்தான் இருக்கும். எனக்கு வந்த கோபத்தில் ட்ரேயைக் கவிழ்க்கப் போனேன். அக்கா தடுத்தார்.

"வுடு தம்பி. அதுக்கும் வவுறு கீதில்ல?"

அன்றும் தண்ணீர் ஊற்றினோம். முட்டைகளின் பக்கம் போவதை மட்டும் நிறுத்திக்கொண்டோம். எங்கள் கால்தடமே வழிகாட்டியிருக்குமோ என்று சந்தேகம்.

சித்திரையில் ஒரு காலை, நாங்கள் செதுக்கிய வெறும் மண்ணை ஒரு கவுதாரி விறுவிறுவென்று கடந்தது. பின்னால் நான்கு குஞ்சுகள். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அசையாமல் நின்றார். அவை புதருக்குள் மறைந்த பிறகுதான் என் கையைப் பிடித்து உலுக்கினார். ஷிப்ட் மணி அடித்தது. நான் லைனுக்கு ஓடினேன்.