நஜ்முன்னிசாவின் கைராசி

எங்கள் தாராவிச் சந்தில், நஜ்முன்னிசாவுக்குக் கைராசி இல்லை என்று முதலில் சொன்னவன் நான்தான். தையல் மெஷினில் உட்கார்ந்தால் எனக்குக் கால் ஒரு பக்கம் ஓடும், வாய் ஒரு பக்கம் ஓடும்.

அவள் புருஷன் முகம்மது ஹனீப் கண்ணாடி வெட்டுகிறவர். ஜன்னலுக்கு வெட்டி மிஞ்சியதை ஒட்டி அவள் மீன்தொட்டி செய்ய ஆரம்பித்தாள். 1984-ல் முதல் தொட்டி செம்பூரில் ஒரு கிளினிக்குக்குப் போனது. உள்ளே ஆறு தங்கமீன்கள். ஐந்தாம் நாள் ஆறும் செத்து மிதக்க, டாக்டர் தொட்டியைத் திருப்பி அனுப்பிவிட்டார். அதில் ஒரு சொட்டு ஒழுக்கு கிடையாது. ஆனாலும் நான் சொன்ன வார்த்தை சந்து முழுக்கச் சுற்றியது. தொட்டி கேட்டிருந்த இரண்டு பேரும் வேண்டாம் என்றுவிட்டார்கள்.

அவள் கிராஃபோர்டு மார்க்கெட்டுக்கு பஸ் ஏறிப் போய், ஒரு மீன் வியாபாரியை விடாமல் துளைத்தெடுத்தாள். மீனின் கழிவு தண்ணீரை விஷமாக்கும் என்றார் அவர். பழைய தொட்டியின் கூழாங்கல்லில் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் குடியிருந்து அந்த விஷத்தைத் தின்னும். புதுத் தொட்டியில் அவை குடியேற ஒரு மாதத்துக்கு மேல் ஆகும், அதுவரை அவற்றுக்கும் தீனி வேண்டும்.

திரும்பி வந்த தொட்டியை வாசலருகே வைத்து, கல் பரப்பி, தண்ணீர் ஊற்றி, காற்று மோட்டாரைப் போட்டாள். உள்ளே ஒரே ஒரு செத்த இறால்; அது அழுகினால்தான் அந்தக் கிருமிகளுக்குத் தீனி. மீன் இல்லாத தொட்டிக்குத் தீனி போடுகிறாள் என்று நாங்கள் சிரித்தோம். தண்ணீர் பால் மாதிரி கலங்கி நாறியது. ஹனீப்கூட ஜாடையாகச் சொல்லிப் பார்த்தார். அவள் அசையவில்லை. ஆறாவது வாரம் தண்ணீர் தெளிந்தது. இரண்டு கப்பி மீன்களை விட்டு, இன்னும் ஒரு மாதம் பார்த்தாள். இரண்டும் பிழைத்துக்கொண்டன. அந்தப் பொறுமை எனக்கு ஒரு பட்டன் காஜா எடுப்பதில்கூட வந்ததில்லை.

அப்போதுதான் மாட்டுங்காவிலிருந்து ஷ்யாமளா என்ற ஆபீஸ்கார அம்மாள் வந்தார். படுக்கையில் கிடக்கும் தகப்பனார் பார்த்துக்கொண்டிருக்க ஒரு தொட்டி வேண்டுமாம். முட்டைகூட நுழையாத வீடு. அங்கே இறாலை எப்படி அழுகவைப்பது? அது இல்லாமல் மீனை விட்டு, மீன் செத்தால், நஜ்முன்னிசா தொழிலையே மூட்டை கட்ட வேண்டியதுதான். சொல்லாமல் போட்டுவிடு, யாருக்குத் தெரியப்போகிறது என்று நான் யோசனை சொன்னேன். என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் ஊசியில் நூல் கோக்கப் போய்விட்டேன்.

தன் தொட்டியில் கிருமிகள் குடியேறிய கல் முழுவதையும் அழுக்கோடு, அதே தண்ணீரில், வாளியில் அள்ளினாள். கப்பிகளும் அதிலேயே. ஹனீப்பும் நானும் புதுத் தொட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தோம். ஷ்யாமளா வீட்டு வாசலிலேயே நின்று, இந்தக் கல்லில் இறால் அழுகியிருக்கிறது, இப்போது இல்லை, ஆனாலும் சொல்லாமல் உள்ளே வரமாட்டேன் என்றாள் நஜ்முன்னிசா.

ஷ்யாமளா வாளிக்குள் எட்டிப் பார்த்தார். "மீனே ஆத்துக்குள்ள வரப்போறது. இறால் கிடந்த கல்லுக்கு மட்டும் என்ன ஆசாரம்? உள்ள வாங்கோ."

முதலில் அந்த இரண்டு கப்பிகள்தான். மற்ற மீன்களை வாரத்துக்கு ஒன்றாகத்தான் விடவேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு வந்தாள்.

ஒரு மாதம் கழித்து ஒருவர் என் கடை முன்னால் நின்றார். ஷ்யாமளாவின் பக்கத்து வீட்டுக்காரராம். "மீன்தொட்டி செய்யற கைராசிக்கார அம்மா வீடு எது?" என்றார். நானே கூட்டிப்போனேன்.

கல்லை எல்லாம் கொடுத்துவிட்டதால் மறுபடி முதலிலிருந்து தொடங்கியிருந்தாள். வாசலில் அதே தொட்டி, அதே நாற்றம். வந்தவர் ஒரு தொட்டிக்குச் சொல்லிவிட்டுப் போனதும், அன்றைக்கு நான் சொன்னது தப்பு என்றேன்.

"ராசின்னு நானும் நம்பியிருந்தா, அடுத்த ஆறு மீனையும் கொன்னுருப்பேன் அண்ணாச்சி," என்றாள். "அந்த மூடியக் கொஞ்சம் தூக்கிப் புடிங்க."

தூக்கிப் பிடித்தேன். நாற்றம் குடலைப் பிடுங்கியது. மூக்கைப் பொத்தவில்லை.